முறிந்த வங்கியும் கைமாறிய தாளும்: ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனத்தின் கதை

இலங்கையில் கோப்பி எப்படி அழிந்தது என்று எந்த மாணவரிடம் கேட்டாலும் பதில் வரும். இலையில் நோய் பிடித்தது, தோட்டங்கள் பட்டுப்போயின, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். பதில் சரிதான், புள்ளியும் கிடைக்கும். ஆனால் நோய்க்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு வங்கி முறிந்தது. கண்டியிலும் கொழும்பிலும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த பெருந்தொகை நோட்டுகள் அந்த முறிவோடு வெறுங் கடுதாசியாகிவிடும் நிலைக்கு வந்தன. இன்று நமது சட்டைப்பையில் இருக்கும் தாள் அரசாங்கத்தின் தாளாக ஆன கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாடத்தில் இல்லாத இந்தப் பகுதியைத்தான் இங்கு எழுதப் பார்க்கிறேன்.

வங்கியின் பெயர் ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1884 மே 3, ஒரு சனிக்கிழமை, லண்டனில் அது கொடுப்பனவை நிறுத்தியது. அது ஒரு சில்லறை வங்கியல்ல. 1842 இல் பம்பாயில் 'பேங்க் ஒஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்ற பெயரில் தொடங்கி, 1845 இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றி, 'ஓரியன்டல்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஹொங்கொங்கில் கிளை திறந்தது. ஹொங்கொங்கின் முதல் வங்கி அதுதான். அங்கே முதன்முதலில் நோட்டு வெளியிட்டதும் அதுதான். பிறகு சிங்கப்பூர், ஷங்காய், மொரிஷியஸ், அவுஸ்திரேலியா, யோக்கஹாமா என்று கடல் கடந்து பரவியது. யப்பான் அரசாங்கம் தன் முதல் ரயில் பாதைக்காக 1870 இல் லண்டனில் கடன் திரட்டியபோது அந்த அலுவலை முடித்துக் கொடுத்ததும் இந்த வங்கியே. இப்படி ஒரு வங்கி விழும் என்று கண்டியில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி எப்படி நினைத்திருப்பார்?

இலங்கைக்குள் அது வந்த வழியையும் பார்க்க வேண்டும். நமது முதல் வங்கி 1841 இல் தொடங்கப்பட்ட 'பேங்க் ஒஃப் சிலோன்'. (இன்றைய இலங்கை வங்கிக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை, இன்றைய வங்கி 1939 இல் பிறந்தது.) கோப்பிக் காய்ச்சல் பிடித்திருந்த காலம் அது. காட்டை வெட்டிக் கோப்பி நடுவதற்கு யார் வந்து கேட்டாலும் கடன். 1847 இல் லண்டனில் விலை விழுந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, அரசாங்க வருமானம் வற்றியது, அதை ஈடுகட்டத் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி போட்டார், 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியை நாம் படிக்கிறோம். அதே விலைவீழ்ச்சியில் நாட்டின் முதல் வங்கியும் நொடித்துப்போனதைப் படிப்பதில்லை. அந்த நொடித்த வங்கியை விழுங்கித்தான் ஓரியன்டல் இங்கே காலூன்றியது. 1851 இல் அரச பட்டயமும் பெற்றுக் கூட்டுத்தாபனம் ஆனது. கோப்பியால் விழுந்த ஒரு வங்கியின் தோளில் ஏறி வந்த வங்கி, முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே கோப்பியால் விழுந்தது என்பதை நினைக்கும்போது, வங்கிக்காரர்களுக்கு ஞாபகசக்தி குறைவோ என்று தோன்றும்.

இனி அந்த வங்கி செய்த தொழிலுக்கு வருவோம். தோட்டத்துரைக்கு வருஷம் முழுவதும் ரூபா வேண்டும். தொழிலாளிக்குச் சம்பளம், அரிசி, களஞ்சியம், ரோட்டு என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். வருமானமோ கோப்பி கப்பலேறி லண்டனில் விற்ற பிறகுதான், அதுவும் பவுணாக. இந்த இடைவெளியை அடைத்தது வங்கி. துரையின் கொழும்பு முகவர் லண்டன் மீது ஓர் உண்டியல் எழுதுவார்; வங்கி அதை வாங்கிக்கொண்டு இங்கே ரூபாவைக் கொடுக்கும்; சரக்கு விற்றதும் லண்டனில் பவுணை அறவிடும். இதுவரைக்கும் பிழையில்லை. உண்டியல் மூன்று, ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். பிழை அடுத்த படியில். அடுத்த வருஷத்து விளைச்சலைக் காட்டி முற்பணம், பிறகு தோட்டத்து உறுதியையே ஈடு வைத்து நீண்டகாலக் கடன். மக்கள் கேட்ட நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசை, பத்து வருஷத்துக்கும் திரும்பாத மரத்தில் போட்டால் என்ன ஆகும்? மரம் காய்க்கும்வரை ஒன்றும் ஆகாது.

1869 இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். அடுத்த ஆண்டு, 1870 இல், நாட்டிலிருந்து ஏற்றுமதியான கோப்பி பத்து இலட்சம் அந்தருக்கு மேல். அதனால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. இலையைக் கொட்ட வைத்து, வருஷா வருஷம் காயைக் குறைக்கும். அத்தோடு எழுபதுகளில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியிருந்ததால் குறைந்த விளைச்சலுக்கும் கூடுதல் காசு கிடைத்தது. நோய் பரவிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் புதுக் காடுகளை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள், வங்கியும் இன்னும் கடன் கொடுத்தது. 1880 இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து ஆராய்ந்து, நோய் எப்படிப் பரவுகிறது என்று காட்டினார். ஆனால் காலம் பிந்திவிட்டது. அதற்குள் விலையும் சரியத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது அடி வெள்ளியால் வந்தது. 1870களின் தொடக்கத்தில் ஜேர்மனி தங்கத்துக்கு மாறியது, வேறு நாடுகளும் பின்தொடர்ந்தன, வெள்ளியின் விலை இறங்கத் தொடங்கியது. நமது ரூபா வெள்ளி ரூபா. இரண்டு ஷில்லிங் அளவுக்குப் பெறுமதியாக இருந்த ரூபா 1884 அளவில் ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸ் வரை இறங்கிவிட்டது. ஓரியன்டல் வங்கி பவுணில் வைப்பு வாங்கி ரூபாவிலும் டொலரிலும் கடன் கொடுத்த வங்கி. கடன்காரன் முழுக்கக் கட்டினாலும் வங்கிக்கு நட்டம். இங்கே கடன்காரன் கட்டவும் இல்லை. மொரிஷியஸில் சீனித் தோட்டங்களில் போட்ட காசும் இதேபோல் சிக்கிக் கிடந்தது. கடைசிக் காலத்தில் வங்கியின் சொத்து என்று கணக்கேட்டில் நின்றதில் ஒரு பெரும் பங்கு, வாங்க ஆளில்லாத தோட்டங்கள்.

இதில் நம்மவர் எங்கே என்று கேட்கலாம். ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அப்பால் நாட்டுக் கோப்பி என்று ஒன்று இருந்தது. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தார் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தது. அதை வீடு வீடாகக் கொள்வனவு செய்து சேர்த்ததில் முஸ்லிம் வியாபாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. உப்பும் கருவாடும் துணியும் கொண்டுபோய், பாக்கும் கோப்பியும் கொண்டுவருவது தவள வியாபாரம். மாட்டின் முதுகில் பொதி ஏற்றி மலை ஏறிய அந்தத் தொழிலின் நினைவு மத்திய மலைநாட்டு ஊர்களில் பழைய ஆட்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவர்களுடைய மூலதனம் பொதி மாடும் நாணயமும். இந்த இடத்தில் 'நாணயம்' என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

இத்தகைய வியாபாரிக்கு ஐரோப்பிய வங்கி நேரே கடன் கொடுப்பது அரிது. வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும்; செட்டியார் தெருவிலிருந்து அது கூடிய வட்டிக்குக் கீழே இறங்கும். வட்டியை ஹராம் என்று கருதி விலகி நின்ற வியாபாரியும் கடன் சரக்குச் சங்கிலியின் ஒரு கண்ணியில் எங்கேயோ மாட்டிக்கொண்டுதான் இருந்தார். கணக்கு வைத்திராதவரையும் வங்கி தொட்டது. எப்படியென்றால், நோட்டால்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இன்றைய தாளைக் கையில் எடுத்தால் அது நாட்டில் எந்தத் தொகையைச் செலுத்தவும் செல்லுபடியாகும் என்று அரசு சொல்கிறது. அன்றைய ஓரியன்டல் தாள் அப்படிப்பட்டதல்ல. 'இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் இத்தனை ரூபா கொடுப்போம்' என்று ஒரு தனியார் கம்பனி எழுதிக் கொடுத்த கடன் சீட்டு அது. கோழி விற்று ஐந்து ரூபா நோட்டு வாங்கிய ஒரு கிழவி, தனக்குத் தெரியாமலே, லண்டனில் இருக்கும் ஒரு கம்பனிக்கு ஐந்து ரூபா கடன் கொடுத்தவளாகிறாள். வட்டி இல்லாத கடன். அந்தக் கம்பனியின் கணக்கேட்டை அவள் பார்த்ததில்லை. பார்த்தாலும் அது அவள் அறியாத பாஷை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் நோட்டு பணமா, கடன் பத்திரமா என்று உலமாக்கள் வாதித்ததை வாசித்திருப்பீர்கள். நோட்டில் ஸகாத் கொடுத்தால் அந்தக் கணமே கடமை நீங்குமா, அல்லது வாங்கியவர் அதை வெள்ளியாகவோ பொருளாகவோ மாற்றிய பிறகா என்பதெல்லாம் அந்த வாதத்துக்குள் வரும். இன்றைய பிள்ளைகளுக்கு இது வீண் நுணுக்கமாகத் தெரிகிறது. ஒரு தனியார் வங்கி முறியும் நாளில் அது நுணுக்கம் அல்ல. கையில் இருப்பது சல்லியா, வசூலாகாத கடனா என்ற நேர்க் கேள்வி.

மே மாதத்துத் தந்தி கொழும்பை எட்டியபோது அந்தக் கேள்விதான் தெருவுக்கு வந்தது. வங்கிக் கதவு மூடியாயிற்று. நோட்டை வெள்ளியாக மாற்ற இடமில்லை. கடைக்காரன் வாங்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. அந்நிலையில் தேசாதிபதி சேர் ஆர்தர் ஹமில்டன் கோர்டன் தம் பொறுப்பில் ஒரு காரியம் செய்தார். இலங்கையில் புழங்கிய ஓரியன்டல் வங்கி நோட்டுகளுக்கு அரசாங்கம் பிணை என்று அறிவித்தார். அவர் இங்கே வந்து அப்போது அரை வருஷம்தான் ஆகியிருந்தது. கோர்டனை நம்மவர் ஞாபகம் வைத்திருப்பது வேறொன்றுக்காக: 1889 இல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆசனம் கிடைத்து எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனமானது அவர் காலத்தில். அந்த ஆசனம் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். கிராமத்துக் கிழவியின் ஐந்து ரூபாவைக் காப்பாற்றியதற்காகவும் அவருக்கு ஒரு வரி ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அது வெறும் தயாளம் என்றும் நான் சொல்லமாட்டேன். நோட்டுச் செத்தால் வரி வராது, கடையில் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும், சந்தை கலையும். 1848 ஐ எந்தத் தேசாதிபதியும் மறந்திருக்க முடியாது. பிணை நிற்பதில் அரசாங்கத்துக்கு ஆபத்தும் குறைவு. வங்கியின் சொத்து விற்பனையாகும்போது தான் கொடுத்ததை அறவிட வழி இருந்தது. அறிவிப்பு வந்ததும் பதற்றம் அடங்கியது. ஆளும் அதே, தாளும் அதே. பின்னால் நின்ற பெயர்தான் மாறியது.

ஒருமுறை வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டு போகையில் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், அப்ப அந்தப் பேங்கில சல்லி போட்டு வச்ச ஆக்கள்ற கதி?" நல்ல கேள்வி. அரசாங்கம் பிணை நின்றது நோட்டுக்கு மட்டும். வைப்பு வைத்தவர் கடன் தீர்ப்பாளரின் வரிசையில் காத்திருக்க வேண்டியவர். ஒரே வங்கி, ஒரே ஐம்பது ரூபா. தாளாகச் சீலைத்தலைப்பில் முடிந்து வைத்திருந்தவருக்கு உடனே கிடைத்தது, புத்தகத்தில் எழுதி வைத்திருந்தவருக்கு இல்லை. சேமிக்கத் தெரிந்தவன் மாட்டிக்கொண்டான், முடிந்து வைத்தவன் தப்பினான் என்று அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்புக்கு அடியில் ஒரு நியாயமும் உண்டு: தாளை வைத்திருப்பவர் வங்கியைத் தெரிவு செய்தவர் அல்லர், தெருவில் கிடைத்ததை வாங்கியவர். வைப்பாளர் தெரிந்து போனவர். சட்டம் அப்படித்தான் பார்த்தது.

மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் கையில் தாளும் இல்லை, புத்தகமும் இல்லை. தோட்டத் தொழிலாளிகள். கடன் வற்றியபோது துரை முதலில் நிறுத்தியது அவர்களுடைய சம்பளத்தை. கோப்பி சரிந்த வருஷங்களில் மாதக்கணக்காகச் சம்பளம் நிலுவையாகி, கங்காணியிடம் கடன் ஏறி, தோட்டம் ஏலம் போகும்போது ஈட்டுக்காரனுக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கும் வங்கியின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் வங்கி துரைக்குக் கொடுத்து, துரை அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட ரூபாதான் அது. இந்தக் கூட்டத்துக்கு மே மாதத்தில் யாரும் பிணை நிற்கவில்லை.

பிணை தற்காலிகம். நிரந்தரமாக என்ன செய்வது என்பதற்கு விடையாக வந்தது 1884 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கக் காகித நாணயக் கட்டளைச் சட்டம். இனி நோட்டு வெளியிடுவது அரசாங்கத்தின் வேலை. அதற்கென்று நாணய ஆணையாளர் சபை ஒன்று. 1885 முதல் இலங்கை அரசாங்கத்தின் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. விதி எளிது: வெளியே விட்ட தாள்களுக்கு ஈடாக ஒரு பங்கு வெள்ளி ரூபாவாகவும் மிகுதி நம்பகமான பிணையங்களாகவும் கையிருப்பில் இருக்க வேண்டும். தோட்டத்து உறுதியை வைத்துத் தாள் அடிக்க முடியாது. இந்த ஏற்பாடு, உருமாறி உருமாறி, 1950 இல் மத்திய வங்கி திறக்கும்வரை நின்றது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் குடியேற்றங்களில் இப்படி ஒரு நாணய ஆணையம் 1849 இலேயே மொரிஷியஸில் அமைந்திருந்தது. கோர்டன் இலங்கைக்கு வருமுன் 1870களின் தொடக்கத்தில் அதே மொரிஷியஸில் தேசாதிபதியாக இருந்தவர். அரசாங்கத் தாள் புழங்கும் ஒரு தீவைக் கண்ணால் பார்த்தவர் என்பதால்தான் இங்கே அவருக்குக் கை நடுங்கவில்லை என்று நான் ஊகிக்கிறேன்.

சொற்களிலும் இந்தக் கதை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அதைச் சொல்லாமல் போக மனம் வராது. 'வங்கி' என்றால் நமது பழைய ஆட்களுக்குத் தோளில் அணியும் நகை. 'பேங்க்' அதற்குள் குடிபுகுந்தது பிறகு. 'சல்லி' ஒரு காலத்தில் சின்னச் செப்புக்காசு. இப்போது கோடி ரூபாவையும் சல்லி என்கிறோம். எனக்குப் பிடித்தது 'வங்குரோத்து'. 2022 இல் நாடு வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தபோது பெற்றோல் வரிசையில் நின்ற எல்லார் வாயிலும் இருந்த சொல் அது. தமிழ்நாட்டார் 'திவால்' என்பதை நாம் இப்படிச் சொல்வதற்குக் காரணம் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். அதன் வேர் இத்தாலிய மொழியில் 'உடைந்த பலகை' என்பார்கள்: காசு மாற்றுகிறவன் சந்தையில் போட்டு உட்கார்ந்த பலகை. வங்கி 'முறிந்தது' என்று நாம் சொல்வது அதோடு தற்செயலாகப் பொருந்திப் போகிறது. வங்கிகளில் காசு எண்ணியவர் 'சிறாப்பர்'. கச்சேரியிலும் அவர் இருந்தார். 'ஸராஃப்' என்ற அரபுச் சொல் பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் ஆங்கிலமும் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஓரியன்டல் போன பிறகு கோப்பித் தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. 1890 இல் லிப்டன் வந்து மலையகத்தில் தோட்டங்களை மலிவாக வாங்கியது இந்தச் சரிவின் வாலில். நாட்டுக் கோப்பியோ திரும்பவே இல்லை. தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும், பெருமுதல் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பறித்துக் காயவைத்து விற்கும் பண்டமல்ல அது. கிராமத்துப் பெண் கோப்பி விற்றுக் கண்ட காசும், அதை வாங்க மலை ஏறிய தவளக்காரனின் பயணமும் ஒன்றாக நின்றன.

தாள் பத்திரமானது, கடன் பத்திரமாகவில்லை. அரசாங்கம் நோட்டைப் பொறுப்பேற்றதே தவிர, உள்ளூர் வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடன் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியைத் தொடவில்லை. அது ஐம்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1934 இல் சேர் சொராப்ஜி போச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு, வெளிநாட்டு வங்கிகள் இந்நாட்டாரைக் கண்டுகொள்வதில்லை என்ற முறைப்பாட்டை விசாரித்து, அரசாங்க ஆதரவுள்ள ஒரு வங்கி வேண்டும் என்றது. 1939 ஓகஸ்ட் 1 இல் இலங்கை வங்கி திறந்தது அதன் பலன்.

ஓரியன்டல் வங்கியின் பங்குதாரர்கள் சும்மா இருக்கவில்லை. 1884 இலேயே அதன் சாம்பலிலிருந்து 'நியூ ஓரியன்டல்' என்று ஒரு வங்கியைக் கிளப்பினார்கள். கிளைகளும் பழைய ஊர்களில்தான். எட்டே வருஷம். 1892 இல் அதுவும் மூடப்பட்டது. வைப்பாளர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். ஆனால் அந்தத் தடவை இலங்கைச் சந்தையில் கோழி விற்றுத் தாள் வாங்கியவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் முடிந்து வைத்திருந்தது அரசாங்கத்தின் தாள்.